பிரபஞ்சத்துக்கு உத்திரமேரூரில் வழங்கப்பட்ட தீர்ப்பு

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு சிற்றிதழ் அறிவியல் சிறப்பிதழ் கொண்டுவந்தது. பிரபஞ்சத்தின் தோற்றம் பற்றிய கொள்கைகளை விளக்கி நான்கு பக்கம் கேட்டார்கள். நான் இலக்கியம் படித்தவன். மூன்று புத்தகங்கள் வாங்கினேன். முதல் சமன்பாடு வரும் பக்கம் வரை மூன்றுமே மிக நன்றாக எழுதப்பட்டிருந்தன.

தெரியாததைக் கட்டுரையாக எழுதினால் பிழை என்பார்கள். கதையாக எழுதினால் பாணி என்பார்கள். ஆகவே கதை.

உத்திரமேரூரில் நடந்த ஒரு பட்டிமன்றத்தைப் பற்றிப் பேருந்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். வாலாஜாபாத்தில் இறங்கிவிட்டார். மீதி என்னுடையது. பட்டிமன்றமும் என்னுடையதுதான் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஆதியில் ஒன்றுமில்லை."

அடித்துவிட்டேன். இதைவிடப் பெரிய நூல்கள் இப்படித் தொடங்கிவிட்டன.

இரண்டாவது: "உத்திரமேரூர் ஏரிக்கு மேலே கோடானுகோடி நட்சத்திரங்கள்—"

பட்டிமன்றம் மாலை ஐந்து மணிக்கு. வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது: "பிரிஸ்கில்லாவுக்கு அந்த வேலை வேண்டும்."

இது நிற்கட்டும்.

3

பிரிஸ்கில்லாவுக்கு அந்த வேலை வேண்டும்.

அவள் உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. பள்ளியின் பெயர் வேண்டாம். நான் கட்டிய பள்ளிதான், இருந்தாலும் வேண்டாம். இயற்பியலில் எம்.எஸ்சி. அவளுடைய காலனியில் அந்தப் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். கல்யாணப் பத்திரிகையில் பட்டத்தைப் பெயரைவிடப் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியலும், அது முடிந்தால் கையெழுத்துப் பயிற்சியும் நடத்தினாள். படித்த இயற்பியலில் பாதி, பிள்ளைகள் 'அ'வுக்குச் சுழி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மறந்துபோனது.

1999 ஜூனில் அந்தப் பள்ளியில் பிளஸ் ஒன் தொடங்குவதாக இருந்தது. இயற்பியலுக்கு ஓர் ஆசிரியர் தேவை. தாளாளர் கிருஷ்ணசாமி அரிசி ஆலை வைத்திருந்தார். நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துத் தரம் சொல்வார். ஆசிரியர்களை மைக் முன்னால் நிறுத்திப் பார்த்துத் தரம் சொல்வார்.

பிப்ரவரியில் அறிவியல் தினம். ஊரைக் கூட்டிப் பட்டிமன்றம் என்று முடிவானது. தலைப்பு: பிரபஞ்சம் தோன்றியது எப்படி?

"யாரு நல்லா பேசறாங்களோ, பிளஸ் ஒன் அவங்களுக்கு," என்றார் கிருஷ்ணசாமி.

[கட்டுரையாக இருந்தால் இங்கே இரண்டு பக்கம் வந்திருக்கும். சுருக்கம் இது. பெருவெடிப்பு: எல்லாமே ஒரு காலத்தில் மிகச் சிறிய, மிகச் சூடான நிலையில் இருந்தது; அதிலிருந்து விரிந்தது. நிலைத்த நிலை: விரிவது உண்மை, ஆனால் விரியும் இடைவெளியில் புதுப் பொருள் உண்டாகிக்கொண்டே இருப்பதால் பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருக்கிறது, அதற்குத் தொடக்கம் கிடையாது. ஊசலாட்டம்: விரியும், சுருங்கும், மறுபடி விரியும். 'பெருவெடிப்பு' என்ற பெயரை வைத்ததே அதை ஏற்காத ஒருவர்தான், வானொலிப் பேச்சில். எதிரணிப் பேச்சாளர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. ஆகவே பட்டிமன்றம் இந்த விஷயத்துக்கு அவ்வளவு பொருந்தாத இடம் அல்ல.]

யாருக்கு எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கினார்கள். கணக்கு ஆசிரியர் முத்துவேலுக்குப் பெருவெடிப்பு. வேதியியல் ஆனந்தனுக்கு ஊசலாட்டம். பிரிஸ்கில்லாவுக்கு நிலைத்த நிலை.

சீட்டைப் பிரித்ததும் அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் பிறப்பதற்கு முன்பே விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் கைவிட்ட கொள்கை அது. வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரு மங்கிய கதிர்வீச்சு வருகிறது, ஆதிச் சூட்டின் மிச்சம். தொடக்கம் இல்லை என்றால் அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? இதை யாரும் கேட்கக்கூடாது என்று ஜெபம் பண்ணிக்கொண்டு மேடை ஏறினாள்.

யாரும் கேட்கவில்லை.

4

முத்துவேல் முதலில் பேசினார்.

"ஆரம்பத்துல ஒரு புள்ளி இருந்துச்சு—"

"யாரு வெச்ச புள்ளி சார்?" பெண்கள் பக்கத்திலிருந்து சத்துணவு சமைக்கும் அம்முலு. "கோலம் இழுத்தவ யாரு?"

சிரிப்பு அடங்கியதும் முத்துவேல் தொடர்ந்தார். அந்தப் புள்ளிக்கு முன்னால் எதுவுமே இல்லை, காலமே அப்போதுதான் தொடங்கியது என்றார்.

"அப்ப மணி இன்னா சார்?" என்றது ஒரு குரல்.

முத்துவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். கைப் பழக்கம்தான். அதோடு அவர் கதை முடிந்தது.

அடுத்து ஆனந்தன். பிரபஞ்சம் நம்ம ஏரி மாதிரி, கோடையில் வற்றும், ஐப்பசியில் நிரம்பும் என்றார். நல்ல உவமை. நானே யோசித்து வைத்தது. பின்வரிசையில் ரங்கன் எழுந்தார். அவருக்கு ஏரிப் பாசனத்தில் நிலம்.

"வாத்தியாரே, ரெண்டு வருசமா ஏரி ரொம்பல. உன் பிரபஞ்சம் அம்பேலா?"

ஆனந்தன் உட்கார்ந்துவிட்டார்.

பிரிஸ்கில்லா மைக்கைப் பிடித்தாள். பேச்சு வந்துவிட்டது.

"முத்துவேல் சார் வெடிச்சிதுன்றாரு. நம்மூரு கல்குவாரியில வெடி வெக்கிறத எல்லாரும் பாத்துக்கிறோம். வெடிச்சப்புறம் அந்த எடம் அடுக்கி வெச்ச மாதிரியா கீது? சூரியன் ஒரு பக்கம், சந்திரன் ஒரு பக்கம், அததுக்கு ஒரு பாதை. வெடி வெச்சி வூடு கட்டுனவன காட்டுங்க சார், நான் எறங்கிடறேன்."

கைதட்டல்.

"பொன்னியம்மாள் அக்கா கெணத்த எடுத்துக்குங்க. காலைல மோட்டர் போட்டு எறைக்கிறாங்க. சாயந்தரம் பாத்தா அதே தண்ணி. ஊத்து ஊறிக்கினே கீது. அந்தத் தண்ணிக்கு பொறந்த நாள் இன்னான்னு கேட்டா யாரால சொல்ல முடியும்? பிரபஞ்சம் அதான்."

விசில். பொன்னியம்மாள் எழுந்து நின்று எல்லாருக்கும் முகம் காட்டினார்.

முத்துவேல் மறுப்புரைக்கு வந்தார். "தொடக்கமும் இல்ல முடிவும் இல்லன்றது, டீச்சர் வூட்டுல நடக்கிற சண்டை மட்டும்தான்." இதற்கு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் பிரிஸ்கில்லாவின் கணவன் ஞானதாஸ்.

கிணற்றை யாரோ ஒரு நாள் வெட்டியிருக்கிறார்கள். அவளுடைய வாதத்தில் ஓட்டை அங்கே இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அது அவளுக்குத் தெரிந்தது. முத்துவேலுக்குத் தெரியவில்லை.

5

நடுவர் புருஷோத்தமன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊரில் எல்லாரும் புலவர் என்பார்கள். பொதுவாக இரண்டுமே தேவை என்று தீர்ப்புச் சொல்லி இரு தரப்பாரோடும் டீ குடித்துவிட்டுப் போகிறவர். அன்று மூன்று தரப்பு. மூன்றுமே தேவை என்று சொல்ல அவருக்கே கூசியது.

"தொடக்கம் உண்டு என்று தீர்ப்பளித்தால், அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று நாளைக் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நிற்பீர்கள்," என்றார். "எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. ஆகவே பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் இல்லை, முடிவும் இல்லை என்று தீர்ப்பளித்து அமர்கிறேன்."

[இந்த இடத்தில், முந்தைய படியில், ஏரிக்கரையிலிருந்து ஒரு கிழவர் வந்து வானத்தைப் பார்த்து ஞானமாக ஒரு வரி சொன்னார். கூலி கொடுத்து அனுப்பிவிட்டேன்.]

6

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு துணுக்கு. முடியவில்லை. நம் ஊர்களில் பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு உண்டு. தீர்ப்பு என்றால் தீர்ப்பு.

மே மாதம் பள்ளியின் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்து நீலத்தில் எழுதினார்கள்: "பிரபஞ்சத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை." கீழே சிறியதாக: "பட்டிமன்றத் தீர்ப்பு. வாதிட்டவர்: திருமதி பிரிஸ்கில்லா ஞானதாஸ், எம்.எஸ்சி."

முதல் படியில் கிருஷ்ணசாமியை வில்லனாக எழுதியிருந்தேன். மீசை வைத்தேன், மோதிரம் போட்டேன். சரிவரவில்லை. அவளை அறைக்குக் கூப்பிட்டுப் பணி ஆணையைக் கையில் கொடுத்தபோது அவருக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. சங்கடம் அதுதான்.

"பிளஸ் ஒன் உங்களுக்குத்தான் டீச்சர். ஒண்ணே ஒண்ணு. கிளாஸ்ல நம்ம தீர்ப்புதான்."

"சார், புக்குல பெருவெடிப்புன்னு ஒரு பத்தி கீது சார்."

"புக்கு மெட்ராஸ்ல போட்டது. தீர்ப்பு இங்க, ஊரு முன்னாடி, புலவர் குடுத்தது. வர்ற பேரண்ட்ஸ் செவுத்த படிச்சிட்டுதான் உள்ள வராங்க. உள்ள வேற நடத்தனா இன்னா நெனைப்பாங்க?"

"அது எனக்கு சீட்டுல வுழுந்த பக்கம் சார். நெஜம் அது இல்ல."

கிருஷ்ணசாமி அவளைப் பாராட்டுகிற மாதிரி சிரித்தார். "அந்தத் தன்னடக்கம் போவக்கூடாது டீச்சர்," என்றார்.

[1998-இல் பிரபஞ்சம் வேகம் கூடி விரிகிறது என்று கண்டுபிடித்தார்கள். அப்படித்தான் விரியும் என்று நிலைத்த நிலைக்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். இதைப் படித்ததும் துள்ளினேன், பிரிஸ்கில்லாவைக் காப்பாற்றிவிடலாம். அந்த மகிழ்ச்சி ஒரு டீ குடிக்கும் வரை இருந்தது. ஒரு விடை சரியாக இருப்பதால் முழுத்தேர்விலும் தேறிவிட முடியாது.]

7

ஞானதாஸ் வாலாஜாபாத்தில் ஒரு மில்லில் மெக்கானிக். மில் வாரத்தில் பாதி நாள் ஓடவில்லை.

"உலகம் எப்டி வந்தா உனக்கின்னா பிரிசி? வேலை வருதா, பாரு."

"தப்புன்னு தெரிஞ்சி எப்டிப்பா நடத்தறது?"

"தப்புன்னு தெரிஞ்சிதான மேடைல பேசன?"

"அது பட்டிமன்றம்."

"இது ஸ்கூலு. ரெண்டுத்துலயும் மைக்கு வாங்கிக் குடுத்தவன் சொல்றதுதான்."

அவள் தட்டைக் கழுவப் போட்டாள். அவன் குரலை இறக்கி, "ஒரு பத்திதான? வேகமா படிச்சிட்டு தாண்டிடு," என்றான். அவன் சொன்னது நியாயம்தான். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

8

ஜூலை. பிளஸ் ஒன் வகுப்பு. பிரிஸ்கில்லா அந்தப் பத்தியை வேகமாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

முன்வரிசையில் ஸ்வேதா கை தூக்கினாள். "மிஸ், புக்குல ஒண்ணு இருக்குது. செவுத்துல உங்க பேரு போட்டு இன்னொண்ணு இருக்குது."

"எக்ஸாமுக்கு புக்குல இருக்கறத எழுதுங்க."

"எக்ஸாமுக்குக் கேக்கல மிஸ். எது நெஜம்?"

இதுவரைக்கும் கதை தானாக வந்துவிட்டது. இனி நான் ஏதாவது செய்ய வேண்டும்.

முதல் முடிவு, வெடிப்பு வகை. பிரிஸ்கில்லா சாக்பீஸை எறிந்துவிட்டு உண்மையைப் பற்றி முழங்குகிறாள். இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் அவள் பேசிய தமிழ் என்னுடையதாக இருந்தது. போகப்போகும் வேலை மட்டும் அவளுடையது.

இரண்டாவது, நிலைத்த வகை. சுவரில் இருப்பதுதான் நிஜம் என்கிறாள். சம்பளம் வருகிறது. ஆண்டுதோறும் ஒரு வகுப்பு தவறாகக் கற்றுக்கொண்டு வெளியே போகிறது. யதார்த்தமான முடிவு என்று விமர்சகர்கள் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் எங்கே பார்த்துக்கொண்டு சொல்வாள் என்று என்னால்—

மூன்றாவது, ஊசலாட்ட வகை. அடுத்த பிப்ரவரியில் மறுபட்டிமன்றம். சீட்டில் அவளுக்குப் பெருவெடிப்பு விழுகிறது, ஜெயிக்கிறாள், சுவருக்கு மறுபடி வெள்ளையடிக்கிறார்கள். மூன்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் ஸ்வேதா கேட்டது ஜூலையில். பிப்ரவரி வரை அவள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது.

நான் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, பிரிஸ்கில்லா வகுப்பின் மூலையில் இருந்த டிவியைப் போட்டாள். கிருஷ்ணசாமி பள்ளிக்கு வாங்கிக் கொடுத்தது. மாடியில் ஆன்டெனா. மெட்ராஸ் தூர்தர்ஷன் மட்டும்தான் எடுக்கும். அவள் ஒன்றுமே வராத ஒரு சேனலுக்குத் திருப்பினாள். திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொதித்தன. சோவென்று இரைச்சல்.

"இத பாருங்க," என்றாள். "இதுல பெரும்பாலும் டிவியோட கோளாறு, பக்கத்து மோட்டர், மேல மேகம், எல்லாம் சேந்தது. ஆனா நூத்துல ஒரு பங்கு இருக்கும். அது ஒரு எடத்துலருந்து வரல. எல்லா பக்கத்துலருந்தும் வருது. மொத மொத இருந்த சூட்டோட மிச்சம் அது. தொடக்கம்னு ஒண்ணு இல்லன்னா இது இருக்கக் கூடாது."

வகுப்பு திரையைப் பார்த்தது. ஸ்வேதா எழுந்து அருகில் வந்து, எது அந்த ஒரு பங்கு என்று தேடுகிற மாதிரி குனிந்து பார்த்தாள்.

வாசலில் கிருஷ்ணசாமி. கூடவே, பிள்ளையைச் சேர்க்க வந்த ஒரு தம்பதி.

"டிவி ரிப்பேரா டீச்சர்?"

ஆமாம் என்றால் அவர் மெக்கானிக்கை அனுப்புவார். அதோடு போய்விடும். இல்லை என்றால், பின்னே என்ன இது என்பார். அதற்கான பதில் வெளியே சுவரில் அவள் பெயரோடு எழுதியிருப்பதற்கு நேர் எதிரானது. அந்தத் தம்பதி அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். ஸ்வேதா திரையை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

பிரிஸ்கில்லா வாயைத் திறந்தாள்.

இந்தக் கதையை எப்படி முடித்தாலும் என் வீட்டில் இரவுச் சாப்பாடு தயாராக இருக்கும். அப்படிப்பட்ட ஒருவன் அந்த வார்த்தையை அவள் வாயில் வைக்கக்கூடாது. நீங்கள் வைப்பதானால் வையுங்கள். அவசரம் இல்லை, ஆனால் கிருஷ்ணசாமி பொறுமைசாலி அல்ல. யோசிக்கும் வரை டிவியை அணைக்காமல் இருங்கள். சத்தத்தையும் குறைக்க வேண்டாம்.