அலமாரியில் இரண்டு காதுகள்

ஆயா வேலைக்குச் சேர்ந்த திங்கட்கிழமை காலை, சுருக்கெழுத்துக்காரி தன் இரண்டு காதுகளையும் வீட்டிலேயே விட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போய்விட்டாள். வேண்டுமென்று செய்ததல்ல. பேருந்தில் முடியை ஒதுக்கும்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அவள் அனுப்பிய செய்தியைப் பார்த்துக் கணவன் வீட்டில் தேடியபோது இரண்டும் தொட்டிலுக்கு மேலே அலமாரியில், பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில், தோட்டோடு இருந்தன. ஏஜென்சிக்கு ஃபோன் போட்டான். "முதல் தடவை ஆள் வைக்கிறவங்களுக்கு இப்படி ஆகும் சார். தானா வந்துடும். ஈரம் மட்டும் படாம பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அங்கே ஃபோன் எடுத்த பெண் அடுத்த ஃபோனுக்குப் போனாள்.

சும்மா கண்ணை மூடிக்கொண்டு வைத்த ஆளுமில்லை. மூன்று ஏஜென்சி ஏறி இறங்கி, அடையாள அட்டை, மருத்துவச் சான்று, பழைய வீட்டுக்காரர்களின் கடிதம் எல்லாவற்றையும் குறுக்கு விசாரணை வக்கீல்போலத் துருவிய பிறகுதான் சுருக்கெழுத்துக்காரி கையெழுத்துப் போட்டாள். இருந்தும் எட்டு மாதப் பிள்ளையை முன்பின் தெரியாதவள் கையில் கொடுத்துவிட்டு, வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பி வந்தாள். ஆயாவோ அலட்டிக்கொள்ளவில்லை. தலையில் எப்போதும் இறுக்கிக் கட்டிய துணி, காலையில் காதுகளைத் துடைத்து வைப்பாள், அரை மணிக்கொரு தரம் அலமாரியைப் பார்த்துச் சொல்வாள்: "பாதிப் பால துப்பிட்டாம்மா. மூக்கு ஒழுகல. நீங்க வேலையப் பாருங்க."

வேலையைத்தான் பார்க்க முடியவில்லை. எங்கே இருந்தாலும் அவளுக்கு வீட்டுச் சத்தம் மட்டுமே கேட்டது. சாட்சிகளின் உதட்டசைவைப் பார்த்தே நான்கு மாதம் ஓட்டினாள். பிள்ளை தும்மினால் பென்சில் பாதி வரியில் நின்றுவிடும். கடைசியில் ஒரு வேலித் தகராறில் குட்டு உடைந்தது. "எதிர்வாதி வேலியை ஆறடி தள்ளி நட்டார், பாதிப் பாலைத் துப்பிவிட்டார், மூக்கு ஒழுகவில்லை" என்று சாட்சியம் பதிவாகியிருந்தது. நீதிபதி அதை இரண்டு முறை படித்தார். இன்னொரு தடவை நடந்தால் சீட்டு கிழியும் என்றார்.

கணவன் நல்லவன், அதுதான் வம்பு. அவள் நிம்மதியாக வேலை பார்க்கட்டுமென்று, மறுநாள் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தவன், ஆயா பால் புட்டி கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் காதுகளில் பஞ்சை அடைத்துவிட்டுப் போனான். நீதிமன்றத்தில் அவளுக்கு எல்லாம் சட்டென்று நின்றுபோனது. அழுகை இல்லை, ஆயாவின் குரல் இல்லை, தொட்டில் கிறீச்சிடவும் இல்லை. நீதிபதி பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடினாள். வழியில் செருப்பு அறுந்தது. அதையும் விட்டுவிட்டு ஓடினாள். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் தான் பிழைக்கப்போவதில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

பிள்ளை ஆயாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அவள் அலமாரிக்குப் போய்ப் பஞ்சைப் பிடுங்கினாள். திரும்பியபோது ஆயாவின் தலைத்துணியின் ஒரு முனை பிள்ளையின் கைப்பிடியில் இருந்தது. ஆயாவுக்கு இடது காது இல்லை.

"உங்க காது எங்கே அக்கா?"

"எங்க வீட்டுலம்மா. பொண்ணுக்கு இப்ப ஒம்பது வயசு. வலது ரெண்டே வருஷத்துல வந்துடுச்சு. இதுதான் வரமாட்டேங்குது." ஆயா தலையைச் சாய்த்தாள். "வந்துட்டா. பூட்டத் திறக்கிறா. நான் போறவரைக்கும் தனியாத்தான் இருப்பா."

சுருக்கெழுத்துக்காரி அப்படியே உட்கார்ந்து அழுதாள். நான்கு மாதத்தில் ஒரு நாளும் ஆயாவின் வீட்டைப் பற்றி அவள் கேட்டதில்லை. துருவிப் பார்த்த தாள்களிலும் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

மறுநாள் விடிந்தபோது வலது காது தலையில் இருந்தது. நீதிபதி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, வேறு ஆள் கிடைக்காததால் விட்டுவிட்டார். அந்த வாரத்திலிருந்து ஆயாவின் மகள் பள்ளி விட்டதும் நேராக இங்கேதான் வந்தாள். முதல் நாள் அம்மாவின் காதைப் பென்சில் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தாள். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் இரண்டு இடது காதுகளும் அலமாரியை விட்டு இறங்கவில்லை. துடைக்கும்போது தோடு மாறிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்வார்கள்.