ஏழாம் அத்தியாயத்துக்கு ஒரு கோபம்

விட்லாக் துரை வந்து பதினெட்டு நாள் ஆயிற்று. ஜூசோ வீட்டின் ஒரே பெரிய அறையில் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை அந்த அறையில்தான் மகள் மெலூருக்குக் கல்யாண மேடை போடவேண்டும். அன்று செவ்வாய்.

மலாயாவின் பகாங் ஆற்றங்கரையில் விருந்தாளியைப் போகச் சொல்லும் வழக்கமில்லை.

"எப்பப் போவார்னு கேளுங்களேன்," என்றாள் மனைவி கல்சோம்.

"கேக்கலாமா அப்படி?"

"அப்ப மாப்பிள்ளையத் தென்னமரத்துல உக்கார வைங்க."

மலாய்க்காரர்களைப் பற்றி அவர் எழுதும் புத்தகம் எப்படிப் போகிறது என்று மட்டும் ஜூசோ துரையிடம் கேட்டான்.

"ஏழாம் அத்தியாயம்தான் பாக்கி. மலாய்க்காரன் கோபம். நேர்ல பாத்துட்டா கிளம்பிடுவேன்."

மச்சினன் செமாவுன் உதவிக்கு வந்தான். துரை பார்க்க, ஜூசோவுக்குக் கோபமூட்ட முற்றத்தில் நின்று கத்தினான்.

"உன் சேவல் ஒரு சேவலா? போன வாரம் என்னைப் பாத்தே ஓடுச்சு!"

ஜூசோ யோசித்தான். "ஆமா மச்சான். ஓடத்தான் செஞ்சுது."

'கோபமே வராத இனம்' என்று துரை எழுதினார். பிறகு அடித்தார். 'உள்ளே அடக்கி வைத்திருக்கிறார்கள். காத்திருக்கவேண்டும்.'

புதன் காலை, மெலூர் மூன்று மாதம் பூ வேலை செய்த கல்யாணத் தலையணைமேல் துரை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். தலை வைக்கிற இடம்.

"எந்திரிடா!" என்றான் ஜூசோ.

துரைக்குக் கண் கலங்கிவிட்டது. நின்றபடியே நான்கு பக்கம் எழுதினார். மதியம் படகேறினார்.

கல்சோம் அறையைப் பெருக்கினாள். ஜூசோ சோற்றைத் தொடவில்லை.

"அதான் போயிட்டாரே. சாப்பிடுங்க."

"விருந்தாளியத் திட்டிட்டேன். மனசு நொந்து போறார்."

"பாடிக்கிட்டுல்ல போனார்?"

"அது வெளிய. உள்ள அடக்கி வச்சிருப்பார்."

மூங்கிலில் சுட்ட சோற்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே துடுப்புப் போட்டான். இருட்டுவதற்குள் பிடித்துவிட்டான். திரும்பி வரவேண்டும் என்று கெஞ்சினான்.

வியாழன் காலை இருவரும் வந்திறங்கினார்கள். முற்றத்தில் நாற்பது பேர் எருமை அறுத்துக்கொண்டும் அடுப்பு மூட்டிக்கொண்டும் இருந்தார்கள். துரை படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

"நீயே கூப்பிட்டதால எட்டாவதும் எழுதிடறேன், ஜூசோ. மலாய்க்காரன் சோம்பல். நேர்ல பாத்துட்டா கிளம்பிடுவேன்."

ஜூசோ கல்சோமைப் பார்த்தான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் படுங்க," என்றாள். "சீக்கிரம்! வேலை கெடக்கு."