தரையிலிருந்து எழுவது பற்றிச் சில வரைவுகள்

1.
இந்தக் கதையை நான் திருடினேன். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று ஆரம்பித்து என் அக்கா தொலைபேசியில் சொன்னது இது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பழைய துணிகளை அளவுக்கேற்பப் பிடித்தும் பிரித்தும் தரும் சின்னத் தையல்கடை வைத்திருக்கிறாள். எனக்கு நாற்பத்தெட்டு, கதை எழுதுகிறேன். எழுதுகிறவளிடம் ரகசியம் சொன்னது அவள் பிழை என்று முதல் வரைவில் இருந்தது. அடித்துவிட்டேன். பிறகு அவளிடமே அனுமதி கேட்டேன். "பேர் போடாம எழுது" என்றாள்.

2.
முதல் தொடக்கம்: "பிற்பகல் வெயிலில் நூலிழைகள் பொன்னாய் மின்ன, அவள்" (வேண்டாம். அன்று அவள் எதையும் ரசிக்கும் நிலையில் இல்லை.)

நடந்தது இவ்வளவுதான். நூல் சுற்றிய பாபின் ஒன்று கைதவறி, துணி வெட்டும் மேசைக்கடியில் உருண்டது. குந்தி உட்கார்ந்து எடுத்தாள். எழ முடியவில்லை. தொடையில் வலுவே இல்லை. மேசைக்காலைப் பிடித்தாள், மேசை ஆடி, கத்தரிக்கோல் பக்கத்தில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கைக்காரி வந்து, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று முறை கூப்பிட்டாள். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே இருந்தாள். வந்தவள் போன பிறகு தவழ்ந்துபோய், தையல் மிஷினைப் பற்றிக்கொண்டு எழுந்தாள். இருபது நிமிடம்.

"பதில் குரல் குடுத்திருக்கலாமே அக்கா?"

"என்னன்னு குடுக்கிறது? கொஞ்சம் தூக்கி விடுங்கன்னா? மானம் போயிடும்டி."

அதோடு விடாமல் சொன்னாள்: "அம்மாவை நான் தூக்கினேன். என்னை யாரு தூக்குவா?"*

* எங்கள் அம்மா இடுப்பெலும்பு முறிந்து நான்கு வருடம் படுக்கையில் கிடந்து இறந்துபோனாள். தூக்கி உட்காரவைத்தது, துடைத்துவிட்டது எல்லாம் அக்கா. நான் மாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு போவேன். (இதை அடிக்குறிப்பில் ஒளித்து வைக்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது.)

3.
மறுநாளே ஆவேசமாக ஆரம்பித்தாள். புது ஷூ, விடியற்காலையில் ஒரு மணி நேர வேகநடை, இரவுச் சாப்பாட்டுக்கு முழுக்கு. பதினோராம் நாள் முட்டி வீங்கிவிட்டது. ஷூ பெட்டிக்குள் போனது. "நமக்கெல்லாம் இது ஒத்துவராது" என்றாள்.

இந்த இடத்தில் அக்காவின் கணவரான அத்தானை வில்லனாக்க ஆசைப்பட்டேன். "இந்த வயசுல யாருக்குக் காட்டப்போறே?" என்று அவர் கேட்பதாக எழுதியும் விட்டேன். அவர் அப்படிக் கேட்கவே இல்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப் போனார். கதைக்கு நஷ்டம்தான். என்ன செய்ய?

4.
பிசியோதெரபிஸ்ட் அக்காவைவிட இருபது வயது இளையவள். "மாதவிடாய் நின்ன பிறகு எலும்பும் தசையும் சீக்கிரம் வலுவிழக்கும்மா. நடக்கிறது நல்லதுதான். ஆனா தசைக்கும் வேலை குடுக்கணும்" என்றாள்.

"தினம் எத்தனை மணி நேரம்?"

"மணிக்கணக்கெல்லாம் வேண்டாம். கையை ஊன்றாம நாற்காலியிலிருந்து அஞ்சு தடவை எழுந்து உட்காருங்க. எப்படியும் செய்யிற வேலை ஒண்ணோட அதைச் சேர்த்துடுங்க, மறக்காது."

ஐந்துதானா என்று அக்காவுக்குச் சிரிப்பு வந்ததாம். நான்காவதில் கால் வெடவெடத்தது.

ஒரு துணியைத் தைத்து நூலறுத்ததும், அடுத்ததைக் கையில் எடுக்குமுன் ஐந்து முறை. இப்படி வைத்துக்கொண்டாள். இரண்டு மாதத்தில் அது பத்தாயிற்று. மூன்றாம் மாதம் துணிமூட்டையைத் தானே தூக்கி மேசைமேல் வைத்தாள். வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். கதையை அந்த இடத்திலேயே முடித்து, பத்திரிகைக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தேன்.

5.
அத்தானுக்கு நெஞ்சுவலி வந்தது. அறுவைச் சிகிச்சை. கடையைப் பூட்டிவிட்டு அக்கா ஆறு வாரம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தாள். அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"பயிற்சியை விடாம செய்யிறியா?"

"உன் கதை நல்லா முடியணும்னு நான் எழுந்து எழுந்து உட்காரணுமா? வைடி போனை."

ஒன்பது நாள் பேசவில்லை. அந்த ஒன்பது நாளில் நான்

(இந்த வாக்கியத்தை நாலைந்து விதமாக முடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் நல்லவளாகவே வந்தேன்.)

6.
பத்தாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"நேத்து ரெண்டு செஞ்சேன்."

"பத்து செஞ்சுக்கிட்டிருந்தியே அக்கா."

"இப்ப ரெண்டுதான் வருது. மனுஷனைப் படுக்கப் போட்டுட்டு இவ பண்ற கூத்தைப் பாருன்னு நினைப்பாரோன்னு கூச்சமா இருந்துச்சு. அவர் என்னடான்னா படுத்துக்கிட்டே எண்ணுறார். அதுவும் தப்பா. ரெண்டுக்கு அப்புறம் நாலாம்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. நான் குறுக்கே பேசவில்லை. இந்தக் கதை முழுவதிலும் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

7.
மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் எழுபது வயதில் மலைப்படி ஏறுகிறாள். இன்னொன்றில் எல்லாம் செய்தும் ஈரத்தரையில் வழுக்கி விழுகிறாள். மூன்றாவதில் அலுத்துப்போய் விட்டுவிடுகிறாள். மூன்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"நான் அம்மா மாதிரி படுக்கவே மாட்டேன்னு உறுதியா எழுத முடியுமா உன்னால?"

"முடியாது அக்கா."

"அப்ப முடிவே எழுதாதே. முடிஞ்சிடுச்சுன்னு நீ போட்டுட்டா, நாளைக்கு யாரு செய்யிறது?"

மூன்றையும் கோடு போட்டு அடித்திருக்கிறேன். கோட்டுக்கடியில் எழுத்து தெரியத்தான் செய்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்: நேற்று கடையை மறுபடி திறந்துவிட்டாள். இன்று மாலைக்குள் தைத்துத் தர வேண்டிய துணி ஆறு இருக்கிறது, ஆறு முறை நூலறுத்து எழுந்தாக வேண்டும்.