மல்லாந்த கண்ணாடி

கடுங்காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோது பெரியம்மாள் புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே பார்த்தாள். கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெளிவாகக் கிடந்தது. வயல், குளம், தென்னந்தோப்பு, அவற்றுக்கு நடுவே பிடி பிடியாக வீடுகள். எல்லாம் அசையாமல் இருந்தன. அவள் தேடியது மட்டும் இல்லை.

அந்த இடத்துக்கு எல்லோரும் மெட்டு என்றுதான் சொல்வார்கள். ஆனைக்கரைக்குக் கிழக்கே போனால் ஏலக்காடுகள் முடிந்து புல்வெளி வரும். புல்வெளியும் முடிகிற இடத்தில் மலை செங்குத்தாக இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில், தேக்கடியில் படகேறி யானை பார்த்தவர்கள் குமுளியிலிருந்து ஜீப் பிடித்து இங்கே வருவார்கள். வருகிற வழியில் முனியறை இருக்கிறது. நான்கு பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லைப் போட்டு மூடிய அறை. யார் கட்டியது, எப்போது கட்டியது என்று யாருக்கும் தெரியாது. சுண்ணாம்பு இல்லை, மண் பூச்சு இல்லை. நிற்கிற கற்கள் நான்கும் கொஞ்சம் உள்வாங்கிச் சாய்ந்திருக்கின்றன. மேலே உள்ள பாரம்தான் அவற்றை விழாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் அருவி. அருவியைத் தாண்டினால் மெட்டு.

"ஏம்மா, அருவின்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தான் ஜீப்காரன். தண்ணி எங்கம்மா?" என்றார் மதுரைக்காரர் ஒருவர். கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார்.

"தை மாசத்துல அவ்வளவுதானுங்க. ஆடியில வந்தீங்கன்னா தண்ணி கொட்டுமுங்க."

"அப்ப ஆடியிலயே வந்திருக்கலாம்."

"வரலாமுங்க. அன்னைக்கு அருவி எங்கன்னு கண்ணுக்குத் தெரியாதுங்க. மஞ்சு மூடிக்கும். சத்தம் மட்டும் கேட்டுட்டுப் போவோணும்."

அவர் மனைவி சிரித்துவிட்டாள். பெரியம்மாள் தம்ளரை நீட்டினாள். கீழே தெரியும் ஊர்களை யார் கேட்டாலும் அவள் விரலால் காட்டிச் சொல்வாள். ஓர் ஊரை மட்டும் சொல்லாமல் தாண்டிப் போவாள்.

அந்த ஊரில்தான் அவள் மகள் மருதாத்தாள் இருந்தாள். ஏலக்காய் மூட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர் பொன்ராஜோடு எமர்ஜென்சிக்கு முந்தைய வருசம் போய்விட்டாள். அன்றைக்கு அவள் அப்பா பொங்கியண்ணன் செடிக்கு அடிக்கும் மருந்துக் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். பெரியம்மாள் அவன் தலையில் கை வைத்து, மலை இறங்க மாட்டேன் என்று சத்தியம் செய்தபிறகுதான் குப்பியைக் கீழே வைத்தான். பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கத்து மண்ணிலிருந்து இங்கே வந்து காடு திருத்திய குடும்பம். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் இரண்டு பேருக்குமே இல்லை. குமுளியில் பஸ் ஏறினால் மலைப்பாதையில் இறங்கிக் கம்பத்துக்குப் போய்விடலாம். அவள் அந்தப் பஸ்ஸை எத்தனையோ முறை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கண்ணாடி யோசனை மருதாத்தாளுடையது. ஏலக்காய் வாங்க வரும் பரீது கம்பத்துக்கும் போய்வருகிறவர். அவரிடம் சொல்லியனுப்பியிருந்தாள்: ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறினதும் மொட்டைமாடியில் நின்று கண்ணாடி காட்டுகிறேன், அம்மா மெட்டுக்கு வந்து பார்க்கட்டும். பார்ப்பது மலை இறங்குவதாகாது. பெரியம்மாள் கெட்டிலும் தம்ளரும் தூக்கிக்கொண்டு காப்பி விற்கக் கிளம்பியது அப்படித்தான்.

இது இரண்டாவது ஞாயிறு. போன வாரமும் ஒன்றும் தெரியவில்லை. இரவெல்லாம் பள்ளத்தில் தங்கியிருக்கும் குளிர்காற்று, சரிவில் வெயில் பட்டதும் சூடேறி மேலே ஏறத் தொடங்கும். ஏறும்போது கீழேயுள்ள ஈரத்தையும் தூக்கிக்கொண்டு வரும். விளிம்பை எட்டும்போது குளிர்ந்து மஞ்சாகும். அதனால் மெட்டில் காலைதான் காட்சி. உச்சிக்கு முன்பே வெள்ளையாக மூடிவிடும். அன்றும் மூடியது. மதுரைக்காரர்கள் ஜீப்பேறினார்கள். பெரியம்மாள் அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள்.

'புள்ளைக்கு மறந்து போச்சு' என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

புதன்கிழமை பரீது வந்தார். பெரியம்மாள் ஸ்டோரில் தட்டுகளில் காய் பரத்திக்கொண்டிருந்தாள். ஸ்டோர் என்பது ஏலக்காய் உலர்த்தும் அறை. சுவருக்கு வெளியே அடுப்பு. அதன் சூடு தகரக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி வந்து மறுபக்கம் புகைபோக்கியில் வெளியேறும். சூடு கூடினால் காய் வெளுத்துவிடும், குறைந்தால் பூசணம் பிடிக்கும், பச்சை நிறம் நிற்காது. அதனால் ஓர் ஆள் அடுப்பை விட்டு அசையக்கூடாது. பொங்கியண்ணன் வெளியே அடுப்பு வாயில் உட்கார்ந்திருந்தான்.

பரீது ஒரு காயை உடைத்து முகர்ந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, என்ன பணி செஞ்சு வச்சிருக்கீங்க? அந்தப் புள்ள ரெண்டு வாரமா வெயில்ல நின்னு, கை கடுக்கக் கண்ணாடியைத் தூக்கிப் பிடிச்சிருக்கு. அம்மா வரவே இல்லியான்னு என்னைப் போட்டு உலுக்குது."

பெரியம்மாள் கையிலிருந்த காய் தட்டில் உதிர்ந்தது. "நான் அங்கயேதான் இருந்தனுங்க. ஒரு பொட்டு வெளிச்சங்கூட வரலைங்களே!"

"மலையைப் பாத்து நேரா நிமுத்திப் பிடிச்சதாத்தான் சொல்லுது."

"அப்பறம் ஏன் தெரியல?"

"எனக்கு ஏலக்காய் தெரியும், மிளகு தெரியும். கண்ணாடியப் பத்திப் படைச்சவனுக்குத்தான் தெரியும்." பரீது சிரிக்க முயன்று விட்டுவிட்டார். "வர்ற ஞாயிறுதான் கடைசியாம். பொன்ராஜுக்குத் தூத்துக்குடில வேலை. திங்கக்கிழமை சாமான் ஏத்துறாங்க. இந்த வாட்டியும் அம்மாகிட்டருந்து சைகை இல்லைன்னா வரலைன்னே வச்சுக்கறேன்னு சொல்லிச்சு." இன்னொரு காயை எடுத்து உருட்டிக்கொண்டே, "அந்தப் புள்ளையோட குழந்தைக்கு உங்க மூக்குதான், அக்கா. அது ஒண்ணுதான் சங்கடம்" என்றார்.

பெரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்புக்கா அழுகைக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் விறகு தள்ளும் சத்தம் நின்றிருந்தது. இருவரும் அப்போதுதான் கவனித்தார்கள். குழாய் சூட்டை மட்டுமா கொண்டுவரும்? பேச்சையும் கொண்டுபோயிருக்கும். பரீது தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்தார்.

பொங்கியண்ணன் உள்ளே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. குழாயில் கை வைத்துச் சூடு பார்த்தான். குழாயிடமே பேசுகிறவன் போலச் சொன்னான்.

"காத்தால சூரியன் எங்க இருக்குது? கெழக்க. மலை எங்க இருக்குது? மேக்க. மலையப் பாத்துக் கண்ணாடிய நிமுத்துனா வெயில் கண்ணாடியோட முதுகுல அல்லோ விழுகும்? முகம் பாக்கற பக்கம் வெளிச்சம் எங்கிருந்து வரும்?"



"மல்லாக்கப் போடோணும். வானத்தப் பாக்க. மலைப்பக்கம் ஒரு நூலு சாய்ச்சாப் போதும். ஏரியில ஓட்டாஞ்சில்லச் சாய்ச்சு வீசுனா எப்படிப் போகுது? தண்ணியத் தொட்டுட்டு அக்கரைக்குத் தத்திப் போகுதில்ல? வெயிலும் அப்படித்தான். அந்தப் பக்கமிருந்து வந்து, பட்டு, இந்தப் பக்கம் எந்திரிக்கும்." அவன் உள்ளங்கையைக் கிடையாக நீட்டி, லேசாகச் சாய்த்துக் காட்டினான். "பெரிய கண்ணாடியா இருந்தா நல்லது. சின்னதுன்னா இங்க வரைக்கும் கண்ணுக்கு எடுக்காது."

வெளியே போனான். விறகு விழும் சத்தம் மறுபடி கேட்டது.

பரீது, "கேட்டீங்களா அக்கா? நான் சொன்னதாவே சொல்லிடறேன்" என்றார்.

பெரியம்மாள் உதிர்ந்த காய்களைத் தட்டில் பரத்தினாள். ஒருத்தருக்கு ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் அவர் முகத்துக்கு நேரே அல்லவா பிடிப்போம்? மகளும் அப்படித்தான் பிடித்திருக்கிறாள். அவளுக்கும் வேறு மாதிரி தோன்றியிருக்காது. ஆனால் வீட்டுக்காரர் இதை எப்போது யோசித்தார்? கேட்ட மாத்திரத்தில் சொல்லும் பேச்சில்லை அது. கண்ணாடிச் சேதியைப் பரீது முதலில் சொன்னதும் இதே ஸ்டோரில் வைத்துத்தான். இரண்டு ஞாயிறாக அவர் எங்கே போயிருந்தார் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். மேட்டுக்காட்டில் களை பார்க்கப் போவதாகத்தான் சொன்னார். மேட்டுக்காட்டிலிருந்து மெட்டு தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கெட்டிலை எடுத்தபோது பொங்கியண்ணன் விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். முனியறையைத் தாண்டினார்கள். அருவியைக் கடக்கும்போது, வழுக்குப் பாறையில் நின்று கெட்டிலுக்காகக் கை நீட்டினான். அவள் கொடுத்தாள்.

அன்று ஜீப் எதுவும் வந்திருக்கவில்லை. வெயில் ஏறியது. அவள் தென்னந்தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க இல்ல" என்றான் அவன். "கோயிலுக்கு வடக்கால. காரை பூசுன ஊடு."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

சரிவின் அடியில் முதல் மஞ்சுத் துணுக்குகள் கிளம்பியிருந்தன. பாறை இடுக்குகளில் பஞ்சாகத் தேங்கி, மெல்ல ஏறின. இன்னும் கொஞ்ச நேரம், சாமி, இன்னும் கொஞ்ச நேரம்.

அப்போது தெரிந்தது. பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே, ஊசி முனை அளவு, ஆனால் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. மூக்குத்தி மின்னுவதுபோல ஒரு முறை வந்து அணைந்தது. மறுபடி வந்தது. தடுமாறி, நின்று, மறுபடி வந்தது.

"ஏனுங்க!" என்றாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். சேலைத் தலைப்பை உருவி வீசினாள். "அம்மிணி! அம்மிணி, இங்கதான் இருக்கறேன்!"

"அதுக்குக் கேக்காது. கண்ணுக்கும் தெரியாது. சும்மா கத்தாதே" என்றான் பொங்கியண்ணன்.

மடியை அவிழ்த்து, சவரம் செய்யும்போது பார்க்கிற கண்ணாடியை எடுத்தான். வேட்டியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சின்னதா இருக்குதுங்களே" என்றாள் அவள்.

"இதுதான் இருக்குது."

அவர்களுக்குச் சூரியன் எதிரில் இருந்தது. கிழக்கே பார்த்து நிமிர்த்திப் பிடித்தாலே போதும். அவன் கண்ணாடியைத் திருப்பினான். வெளிச்சம் ஒரு வட்டமாகப் புல்லில் விழுந்தது. ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தது. அவள் காலடிக்கு வந்தது, சேலையில் ஏறியது, தோளைத் தொட்டது. அவள் விலகி நின்றாள். மணிக்கட்டை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான் அவன். வட்டம் புல்மீது மெதுவாக நகர்ந்தது, பாறைக்குப் போனது, பாறையின் கடைசி விளிம்பில் ஒரு கணம் பாதியாக நின்றது. அதற்கப்பால் விழுவதற்குத் தரை இல்லை. ஏறிவருகிற மஞ்சுக்கு மேலே, வட்டம் எங்கே போயிற்று என்று தெரியாமல், இருவரும் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.