ஐந்து பதினேழுக்கு விழும் புள்ளி

தொண்ணூற்றாறு நாட்கள், மணிக்கணக்கில் சொன்னால் இரண்டாயிரத்து முந்நூற்று நான்கு. அத்தனை மணி நேரமும் ஒரு வீட்டில் எப்போது எந்த விளக்கு எரிந்தது, எப்போது விசிறி சுழன்றது, எப்போது வெந்நீர் காய்ந்தது என்பதெல்லாம் புள்ளி புள்ளியாகக் கணக்கு டீச்சரின் மடிக்கணினிக்குள் உட்கார்ந்திருந்தது.

அது அவளுடைய வீடு. பிள்ளைகளுக்கு அது தெரியாது.

ஏழாம் வகுப்புக்கு இந்தப் பருவத்தில் புதிதாக ஒரு பாடம் வந்திருந்தது. தாளில் அச்சடித்துச் செத்துக் கிடக்கும் வரைபடம் இல்லை. தொட்டால் பதில் சொல்லும், இழுத்தால் நகரும் வரைபடம். அதைப் படிக்கக் கற்றுத்தர வேண்டும். அவரவர் வீட்டு மீட்டர் கணக்கைக் கொண்டுவரச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். பெற்றோர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க வீட்டு வண்டவாளத்த எதுக்கு டீச்சர் தண்டவாளத்துல ஏத்தணும்?" என்று ஒரு அம்மா தொலைபேசியிலேயே சிரித்தபடி மறுத்துவிட்டார். புதன்கிழமை மூன்றாம் பீரியடுக்குத் தலைமையாசிரியை வந்து உட்காரப் போகிறார். கையில் வேறு எதுவும் இல்லை. தன் வீட்டுக் கணக்கையே இறக்கி, முகவரியை அழித்து, மேலே 'வீடு க' என்று போட்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

படம் எளிமையானது. இடமிருந்து வலமாக நாட்கள். கீழிருந்து மேலாக ஒரு நாளின் நேரம். விளக்கோ விசிறியோ போட்டால் சின்ன மஞ்சள் புள்ளி. ஹீட்டர் போட்டால் பெரிய சிவப்புப் புள்ளி. புள்ளியைத் தொட்டால் எது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று சொல்லும். மூலையில் இரண்டு பட்டன்கள்: சராசரி, தினசரி. சில புள்ளிகளை மட்டும் விரலால் வளைத்துவிட்டுச் சராசரியை அமுக்கினால் அவற்றுக்கு மட்டும் ஒரு கோடு விழும். வளைக்காமல் அமுக்கினால் தொண்ணூற்றாறு நாளும் மடிந்து ஒரே நாளாகிவிடும். அப்போது அது ஊரில் உள்ள எல்லா வீட்டையும் போல ஒரு வீடு. அதை மட்டும் காட்டுவதாகத்தான் உத்தேசம். தினசரி பட்டனைப் பூட்டி வைக்க இரண்டு நிமிடம் போதும். முந்தின நாள் சாயங்காலம் அதற்காகக் கையை வைத்தவள், பூட்டாமலே மூடிவிட்டாள்.

அந்தச் சிவப்புப் புள்ளிகள் அக்காவுடையவை. அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்போதும் நைட் டூட்டிதான். விடியும் முன் வந்து, ஹீட்டரைப் போட்டு, குளித்துவிட்டுப் படுப்பாள். பழைய ஹீட்டர். பசித்த வயிறு போல உறுமும், பிறகு 'டக்' என்று நிற்கும். டீச்சர் ஒவ்வொரு விடியலிலும் கண்ணைத் திறக்காமல் அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். இன்று காலையும் கேட்டாள்.

அந்தச் சத்தத்தைப் பற்றி அவள் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அது வெளியே வந்துவிட்டால் ஹீட்டரை நிறுத்த வேண்டியிருக்கும். அந்த உறுமல் இல்லாத ஒரு காலை எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை.

இரண்டாம் பீரியட் முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தபோது சயின்ஸ் சார் டம்ளரில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, மூணாவது பீரியட் எச்.எம். ராணியம்மா வர்றாங்களாமே. பாத்து நடத்துங்க."

"நடத்தணும் சார்."

"முகத்துல ரத்தமே இல்ல. அந்த ஜுரத்துல விழுந்து எந்திரிச்சதுலேர்ந்தே நீங்க சரியில்ல. வீட்டுலயே நர்ஸ வெச்சுக்கிட்டு இப்படி இருந்தா எப்படி? அக்கா எப்படி இருக்காங்க?"

"தூங்குறாங்க சார்."

"எப்பக் கேட்டாலும் தூங்குறாங்க. நாலு வருஷமாச்சு, நான் இன்னும் அவங்கள நேர்ல பாக்கல. நெசமாவே அக்கான்னு ஒருத்தங்க இருக்காங்களா, இல்ல நீங்களா கட்டிவிட்டதா?"

அறையிலிருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பகலெல்லாம் தூங்குகிறவளை யார் வந்து பார்க்கப் போகிறார்கள். நைட் டூட்டிக்காரியைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில் போதும், மாற்றவே தேவையில்லை. சில நாட்களாக, அந்தப் பதிலைச் சொன்ன கையோடு அவள் நோட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிடுவாள்.

மூன்றாம் பீரியட். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில், இரண்டு பையன்களைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டீச்சர் பலகையில் எப்போதும்போல எழுதினாள்: 'என்ன தெரியுது? எதை வைத்துச் சொல்கிறாய்? என்ன தெரியவில்லை?' இது அவள் வகுப்பின் சட்டம். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் யாரும் முதல் கேள்விக்கு வாய் திறக்கக் கூடாது.

திரையில் 'வீடு க' வந்தது. சராசரி.

முதலில் எழுந்தவன் ரேடியோ. அவன் அம்மா வைத்த பெயர் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. "டீச்சர், அஞ்சே கால் வாக்குல ஹீட்டர் போடுறாங்க. அப்ப இது பணக்கார வீடு."

"எத வெச்சு?"

"எங்க வீட்ல அம்மா அடுப்புலதான் வெந்நி வைப்பாங்க."

"அது உன் வீட்டப் பத்தித் தெரியுது. இந்த வீட்டப் பத்தி?"

வகுப்பு சிரித்தது. ரேடியோ அசரவில்லை. "சரி டீச்சர், விடிகாலைல குளிக்கிற வீடு."

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை குறிப்பெடுப்பது தெரிந்தது. டீச்சருக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. இப்படியே நாற்பது நிமிடம் ஓடிவிட்டால் போதும்.

ஆனால் இரண்டாவது வரிசையில் ஒரு கை எழுந்தது. சந்தேகம் என்று எல்லோரும் கூப்பிடும் பெண். கடிகாரம் மணி அடித்தாலும் எதற்கு அடித்தது என்று கேட்கிறவள். "டீச்சர், போன வாரம் நீங்கதான சொன்னீங்க. ஒருத்தன் தலை அடுப்புல, கால் ஐஸ்ல, சராசரியா சுகமா இருக்கான்னு. அந்த இன்னொரு பட்டன அமுக்கலாமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "அமுக்கு," என்றாள் டீச்சர்.

மடிந்திருந்த நாட்கள் விரிந்தன. திரை முழுக்கப் புள்ளிகள். பிள்ளைகள் 'ஓ' என்று இழுத்தார்கள். சந்தேகம் திரை அருகிலேயே நின்றுகொண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"டீச்சர், ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் பகல்ல இருக்கார், ஒருத்தர் ராத்திரி இருக்கார்."

"எத வெச்சு?"

"பகல் முழுக்க ஃபேன் ஓடுது. சாயங்காலம் ஃபேன் நின்னப்புறமும் லைட் எரியுது, அப்ப இன்னொருத்தர் இருக்கார். அப்புறம் காலைல வரைக்கும் ஒண்ணுமில்ல, அப்புறம் ஹீட்டர். பகல்ல இருக்கிறவர் ராத்திரி வெளிய போயிட்டு விடியக்காலைல வர்றார்."

"திருடன் டீச்சர்," என்றான் ரேடியோ. "திருடிட்டு வந்து குளிக்கிறான்."

"வாட்ச்மேனா இருக்கும்டா."

"நர்ஸா இருக்கும்," என்றது எங்கிருந்தோ ஒரு குரல். டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முள்ளை எடுக்கப் போன கை முள்ளிலேயே குத்திக்கொண்டது போலிருந்தது. ஆனால் கூடவே, எவ்வளவு அழகாகப் படிக்கிறார்கள் என்றும் தோன்றியது. அக்கா இந்தப் பிள்ளைகளின் வாயில் பகலில் தூங்கி, இரவில் வெளியே போய், விடியலில் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

சந்தேகம் வலப்பக்கம் இழுத்தாள். திரையில் ஒரு வெள்ளைப் பட்டை வந்தது. ஐம்பத்தொன்பதாம் நாளிலிருந்து ஒன்பது நாட்களுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

"ஊருக்குப் போயிட்டாங்க," என்றான் ரேடியோ. "டூர்."

"டூர்னு எத வெச்சு சொல்ற? வீடு பூட்டியிருந்துச்சுன்னு மட்டும் சொல்லு," என்றாள் சந்தேகம். அது டீச்சரின் குரல் போலவே இருந்தது. "டீச்சர், திரும்பி வந்தப்புறம் பகல்ல ஃபேன் இல்ல. ஒரு நாள்கூட இல்ல. ஆனா ராத்திரில லைட் எரியுது. ஒரு மணி, ரெண்டு மணி, மூணே கால். இப்ப இருக்கிறவங்க சரியாத் தூங்கறதில்ல."

"ஆனா ஹீட்டர் ஓடுதே," என்றான் ரேடியோ. "அவர் வந்துட்டுப் போறார்ல?"

எல்லோரும் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார்கள். வெள்ளைப் பட்டைக்கு இடப்பக்கம் அவை இறைத்துவிட்ட குன்றிமணி போலச் சிதறிக் கிடந்தன. ஒரு நாள் நாலு ஐம்பத்திரண்டு, ஒரு நாள் ஐந்து நாற்பத்து நாலு, சில நாள் எதுவுமே இல்லை. வலப்பக்கம் இருபத்தொன்பது புள்ளிகள், நூல் பிடித்தது போல ஒரே வரிசை. சந்தேகம் ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஐந்து பதினேழு. ஐந்து பதினேழு. ஐந்து பதினேழு.

பின்வரிசைப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க எழுந்து நின்றார்கள்.

"பேய் வீடு டீச்சர்," என்றான் ரேடியோ. இந்த முறை அவன் குரலில் விளையாட்டு கொஞ்சம்தான் இருந்தது. "டயத்துக்கு வர்ற பேய்."

"பேய் எதுக்குடா மணி பாக்கணும்? மனுசங்கதான் முன்னப்பின்ன வருவாங்க. பஸ் லேட்டாகும், லீவு போடுவாங்க. இது மனுசங்க இல்ல." சந்தேகம் இன்னொரு புள்ளியைத் தொட்டாள். "மெஷின்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஃபியூஸ் அதுவரை வாயே திறக்கவில்லை. எலக்ட்ரீசியன் மகன், அவன் கேட்காமல் பேசினால் விஷயம் இருக்கும். "டைமர் டீச்சர். எங்கப்பா மாட்டுவார். இன்னொண்ணு. முன்னாடி ஹீட்டர் இருபது நிமிஷம் ஓடியிருக்கு. இப்ப தினம் ஆறே நிமிஷம். தண்ணிய யாரும் எடுக்கல. முந்தின நாள் தண்ணியே வெதுவெதுன்னு கெடக்கு, அதான் சட்டுனு காஞ்சு கட் ஆயிடுது. அந்த வெந்நில யாரும் குளிக்கல."

ஆறு நிமிடம். அவள் அதைப் பார்த்திருக்கவேயில்லை. படுக்கையில் கிடந்து கேட்கும்போது அது நெடுநேரம் உறுமுவதாகத்தான் இருந்தது. 'டக்' என்று நின்ற பிறகு வாளி நகரும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள். சில காலைகளில் அது கேட்டும் இருக்கிறது.

"யாருமே குளிக்காத தண்ணிய எதுக்கு தினம் காய வைக்கணும்?" என்று முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

சந்தேகம் சிதறிய புள்ளிகளை மட்டும் விரலால் வளைத்து, சராசரியை அமுக்கினாள். ஒரு கோடு விழுந்தது. அது வெள்ளைப் பட்டையைத் தாண்டி நேராகப் போய் வலப்பக்கத்துப் புள்ளிகளின் மேலேயே படுத்தது. இம்மி பிசகவில்லை.

"அஞ்சு பதினேழு," என்றாள், தனக்குள் பேசுவது போல. "டீச்சர், டைமர வெச்சவங்க முன்னாடி இருந்தவரோட நேரத்தையெல்லாம் கூட்டி, நாளால வகுத்து வெச்சிருக்காங்க. சாதாரண ஆளுங்க அஞ்சு, அஞ்சே கால்னுதான் வெப்பாங்க. இவங்களுக்கு..." அவள் திரும்பினாள். "இவங்களுக்குக் கணக்கு தெரியும்."

முப்பது பேரும் திரையை விட்டுவிட்டு டீச்சரைப் பார்த்தார்கள்.

தலைமையாசிரியை எழுந்தார். பெஞ்சுக் கால்கள் தரையில் உரசின. "நல்லாப் படிச்சீங்க பிள்ளைங்களா. ஆனா இது யாரோ ஒருத்தர் வீடு. இதோட போதும். டீச்சர், அடுத்த படத்துக்குப் போகலாம்ல?"

கதவைத் திறந்துவிட்டது போல இருந்தது அது. 'போகலாம் மேடம்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நாளைக் காலை ஐந்து பதினேழுக்கு உறுமல் கேட்கும். சயின்ஸ் சார் கேட்பார், அவளும் அதே பதிலைச் சொல்வாள். இன்னும் எத்தனை நாள் வேண்டுமானாலும் வலப்பக்கம் புள்ளிகள் வரிசையாக விழுந்துகொண்டே இருக்கும்.

சந்தேகம் இன்னும் இடத்துக்குப் போகவில்லை. சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, மூன்றாவது கேள்விக்குக் கீழே எழுதினாள். எழுதச் சொன்ன சட்டப்படிதான் எழுதினாள். எழுதியதை மெதுவாகப் படித்தும் காட்டினாள். "முன்னாடி இருந்தவங்க வேற ஊருக்குப் போயிட்டாங்களா, சண்டை போட்டுட்டுப் போயிட்டாங்களா, வேற என்னன்னு இந்தப் படத்துல இல்ல. இத அந்த வீட்ல இருக்கிறவங்கதான் சொல்லணும்."

"கண்ணு, போதும்னேன்ல," என்றார் தலைமையாசிரியை.

"இருக்கட்டும் மேடம்," என்றாள் டீச்சர்.

திரையில் ஒன்பது நாள் வெள்ளையாக இருந்தது. அதன் ஓரத்தில், ஐம்பத்தெட்டாம் நாள் காலை ஐந்து இருபத்தாறுக்கு விழுந்த கடைசிப் புள்ளி. அக்கா தன் கையால் போட்டது. அன்று அவள் ஒன்பது நிமிடம் தாமதம். சராசரிக்கு ஒத்துப்போகாத மனுஷி. இந்த ஒரு மாதமாகத் தினமும் காலையில் வந்துபோனது அக்கா இல்லை, தான் போட்ட சராசரிதான் என்று டீச்சருக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது.

"அது எங்க வீடு," என்றாள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிட நிதானமாக வந்தது. "டைமர வெச்சது நான்தான். அம்பத்தொம்பதாவது நாள் காலைல, டூட்டி முடிஞ்சு வர்ற வழியில, எங்க அக்கா இறந்துட்டாங்க."