ஆறாம் படுக்கையில் ஊசிகள்

ரத்தம் எடுக்கும் புதுப் பாதுகாப்பு ஊசிகள் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றே அவற்றை ஆறாம் படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். அட்டைப்பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, கொசுவலையும் கட்டினார்கள். அந்தப் படுக்கையில் இருந்த பெரியவரைக் கட்டிலுக்கு அடியில் படுக்கச் சொன்னார்கள். அவரும் படுத்துக்கொண்டார்.

நர்ஸ் ஜெபசீலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வார்டில் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? போன வாரம் அவளுடைய தோழி ரெஜினாவின் விரலில் பழைய ரக ஊசி ஏறியது. நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி. மறுநாள் ரெஜினாவை அறிவிப்புப் பலகையாகச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ‘ஊசியைக் கவனமாகக் கையாளவும்’ என்று அவள்மேல் எழுதியிருந்தது. குத்துப்பட்டவளே புத்திமதியும் சொல்ல வேண்டுமாம்!

பக்கத்தில் இன்னோர் ஆணியும் அடித்திருந்தார்கள்.

“இது யாருக்குக்கா?” என்று தலைமை நர்ஸ் வடிவிடம் கேட்டாள் ஜெபசீலி.

“யாருக்குமில்ல. சும்மாதான் அடிச்சு வச்சிருக்கு” என்ற வடிவு, அவளுடைய உயரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

இன்று எட்டாம் படுக்கைக்காரருக்கு ரத்தம் எடுக்க வேண்டும். முற்றிய மஞ்சள் காமாலை, ரத்தத்தில் தொற்றும் வகை. ஆள் ஜன்னியில் கையைக் காலை உதறிக்கொண்டிருந்தார். தட்டில் உறையில்லாத பழைய ரக ஊசிதான் இருந்தது.

“அக்கா, அந்தப் பெட்டியில இருந்து ஒண்ணு தாங்க.”

“அய்யய்யோ! ஒரு தடவை குத்திட்டு உறையத் தள்ளுனா மூடிக்கிடும். பெறகு தொறக்காது. உயிரு போயிரும்லா?”

“யாரு உயிரு?”

“ஊசியோட உயிருதான்.”

“எங்க உயிரு?”

“ஒங்களுக்கென்ன? செவுரு இருக்கு.”

அப்போது டாக்டர் ஞானதிரவியம் வந்தார். கொசுவலையைத் தூக்கி, அட்டைப்பெட்டியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். “நல்லாருக்கு. ஒண்ணுகூடக் குறையல. யாரும் அசைக்காதீங்க” என்றார். போகும்போது பெரியவரின் கையை மிதித்துவிட்டுக் கட்டிலிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஜெபசீலி கொசுவலையைக் கிழித்தாள். ஓர் ஊசியை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே புதிது புதிதாகப் படுக்கைகள் முளைத்தன. எல்லாம் காலிப் படுக்கைகள். பெரியவருக்கு ஒன்று கொடுத்தால்தான் என்ன, என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே அத்தனையையும் கடந்தாள்.

ரத்தம் எடுத்தாள். ஊசியை உருவியதும் கட்டைவிரலால் உறையைத் தள்ளினாள். டக்கென்று பூட்டிக்கொண்டது. அந்த நொடியில் நோயாளி கையை வீசினார். ஊசி அவள் உள்ளங்கையில் போய் மோதியது. வெறும் பிளாஸ்டிக்தான் பட்டது.

வார்டே ஓவென்று அழுதது. “பாவி, கொன்னுட்டியே!” என்று வடிவு மாரில் அடித்துக்கொண்டாள். டாக்டர் ஊசியின்மேல் வெள்ளைத்துணியைப் போர்த்தினார்.

“ஏம்மா இப்படிச் செஞ்ச?”

“அது செத்துச்சு. நான் சாகல, டாக்டர். அதுக்குத்தான் அதச் செஞ்சே அனுப்புனாங்க!”

யாரும் அழுகையை நிறுத்துவதாக இல்லை. ஜெபசீலி திரும்பிப் போய் அட்டைப்பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“அழுறவங்க அந்தப் பக்கமா நின்னு அழுங்க. ஒன்பதாம் பெட்டுக்கு ரத்தம் எடுக்கணும்” என்று அடுத்த ஊசியைப் பிரித்தாள்.