வாளிக்குப் பின்னால் ஒரு காப்பி

சிவப்பு வாளி மூடுபனிக்குள்ளிருந்து ஆடிக்கொண்டே இறங்கி வருவதைப் பார்த்ததும் நெவேனாவின் கை வழக்கம்போல் அடுப்போரம் இருந்த செம்புக் குவளையை நோக்கிப் போய், பாதியில் நின்றது. லிஃப்டின் விசை அறையில் அவள் பக்கத்தில் புது எஞ்சினியர் கலின் நின்றுகொண்டிருந்தான். தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நல்ல பையன்தான், ஆனால் மேலிடத்துக்குப் பயந்தவன். பயந்தவர்களுக்கே உரிய கண்டிப்பு அவனிடம் இருந்தது.

"வாளி வந்தாச்சு. நிறுத்திடுங்க," என்றான்.

மலையுச்சியில் இருக்கும் ஸ்பாஸ், கடைசி ஆளை ஏற்றி அனுப்பியதும் அடுத்த நாற்காலியின் கொக்கியில் அந்த வாளியை மாட்டிவிடுவான். பிறகு தானே சறுக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவான். வாளி கீழே வந்து சேர்ந்தால் மேலே யாரும் இல்லை என்று அர்த்தம், லிஃப்டை நிறுத்தலாம். விதி அவ்வளவுதான். ஆனால் ஸ்ரெப்ரின் ஊரில் அந்த விதிக்குப் பின்னால் ஒரு காப்பி இருந்தது.

இந்த லிஃப்ட் சறுக்க வருகிறவர்களுக்காகப் பிறந்ததல்ல. சுரங்கத்து ஈயக்கல்லைத் தொட்டி தொட்டியாக இறக்கிய கம்பிவடம் போன தடம் இது. சுரங்கம் மூடியதும் தொட்டிகளைக் கழற்றிவிட்டு ஒற்றை நாற்காலிகளைத் தொங்கவிட்டார்கள். தொழிலாளர் விடுதி ஓட்டலானது. ஈயம் தோண்டியவர்களின் பிள்ளைகள், ஊர்பேர் தெரியாதவர்களின் காலில் சறுக்குப் பலகை மாட்டிவிடக் கற்றுக்கொண்டார்கள். தடம் மட்டும் மாறவில்லை. கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, ஓங்கி வளர்ந்த பீச் மரக்காட்டின் மேலாக ஏறி, ஓநாய்த் தொண்டை என்கிற பிளவைக் கடந்து, ராவ்னாப் புல்வெளிக்குப் போய், அங்கிருந்து உச்சிக்கு. தொண்டையின் மேல் போகும்போது உள்ளூர்க்காரர்களே கீழே பார்க்க மாட்டார்கள். புல்வெளியில் அந்தப் பயமில்லை. நாற்காலி தாழ்வாகப் போகும், தவறி விழுந்தாலும் பனி தாங்கிக்கொள்ளும்.

ராவ்னாவில் மிச்சமிருக்கும் சில குடும்பங்களுக்கு இந்த லிஃப்ட்தான் பஸ். அங்கே நடுநிலையத்தில் இருந்த ஆளைச் சிக்கனம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிப் பல வருஷமாகிறது. வாளி தங்களைக் கடந்து போன பிறகும் அவர்கள் ஓடிவந்து தாங்களாகவே ஏறி உட்கார்வார்கள். ஏனென்றால், நெவேனா வாளியைக் கண்ட பிறகுதான் காப்பி போடுவாள். ஆற அமரக் குடித்து, அடியில் கசடு தெரிந்த பிறகுதான் விசையைத் தொடுவாள். 'நெவேனா காப்பி இன்னும் ஆறியிருக்காது, ஓடு' என்று ராவ்னாவில் சொல்வார்கள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் கலினுக்குத் தெரிந்திருக்கும்.

இந்தப் பேய்க்காற்றில் யார் வரப்போகிறார்கள் என்று நெவேனா தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். புருஷன் மெத்தோதி மேலேதான் இருந்தான். ராவ்னா வீட்டை ஓட்டல்காரனுக்கு விற்றுவிடலாம் என்று இவள் சொல்ல, கூரையில் பனி தள்ளணும் என்று அவன் கிளம்ப, காலையிலேயே வீட்டில் ரகளை. "அந்த வீட்டையே கட்டிக்கிட்டு அழு, ராத்திரிக்கும் அங்கயே கெட" என்றிருந்தாள். "அங்கயேதான் கெடப்பேன், உன் மூஞ்சிக்கு அந்தக் கூரை தேவலை" என்று போனவன் அவன். அவன் வரப்போவதில்லை. வாளி மேடைக்கு வந்ததும் விசையை இழுத்தாள். பெரிய சக்கரம் முனகி நின்றது.

"இப்படித்தான் இருக்கணும்," என்றான் கலின் சந்தோஷமாக.

உணவகத்தில் பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது ராவ்னாவிலிருந்து பக்கத்து வீட்டு ஸ்தாங்கா கூப்பிட்டாள்.

"என்னடி, உன் வீட்டுக்காரர் வந்து சேந்தாரா? மனுஷன் ஃபோனை என் மேசையிலயே வெச்சிட்டுப் போயிட்டாரு."

"எங்க வர்றாரு? அங்கயே தங்கறேன்னுதான சொன்னாரு?"

"சொன்னாரு. அப்புறம் மனசு கேக்கல. நான் சீஸ் வெச்சுச் சுட்ட பனித்சாவுல ஒரு துண்டைத் துணியில சுத்தி வாங்கிக்கிட்டு, 'அவ மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு உக்காந்திருப்பா, போய் வாயில ஊட்டுறேன்'னு கெளம்பிட்டாரு. வாளி போயிருச்சேன்னேன். 'அதான் காப்பி இருக்குல்ல'ன்னாரு."

நெவேனா கரண்டியைக் கீழே வைத்தாள். எதிரே ஸ்பாஸ் காலணியைக் கழற்றிவிட்டு அடுப்போரம் காலை நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தான். அவன் சறுக்கி வந்து, காலணி கழற்றி, இரண்டாவது கிண்ணம் சூப்பும் வாங்கிவிட்டான் என்றால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவளால் கணக்குப் போட முடியவில்லை. கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினாள். மெத்தோதிக்கு இடது முழங்கால் சரியில்லை என்பதும், அவன் காதுமூடி குல்லா போடாத வீம்பன் என்பதும் மாறிமாறி ஞாபகம் வந்தன. போன மாசம் தொலைத்த குல்லாவுக்குப் பதில் ஒன்று பின்னித் தருகிறேன் என்று சொல்லி இன்னும் பின்னவில்லை.

விசை அறை வாசலில் கலின் குறுக்கே நின்றான். "இந்தக் காத்துல ஓட்டக் கூடாதும்மா. நாற்காலி தூண்ல அடிச்சா வடம் கழண்டுடும்."

"தம்பி, மேல என் புருஷன் தொங்கறாரு."

"வாளி வந்துதான நிறுத்தினோம்?"

"நீங்க இருந்தீங்கன்னு நிறுத்தினேன்! நீங்க இல்லன்னா நான் காப்பி குடிச்சிருப்பேன்!"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே வந்த ஸ்பாஸ் இரண்டே வாக்கியத்தில் சொன்னான். கலினின் முகம் வெளுத்தது. வழிவிட்டு, அவனே போய் பிரேக்கைத் தளர்த்தினான்.

சக்கரம் சுற்றத் தொடங்கியது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நாற்காலிகள் மூடுபனியிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன, காலியாக. ஒவ்வொன்றின் மேலும் கையளவு பனி மெத்தைபோல் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது இதில் இருப்பான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கடந்து போனதும் அடுத்ததில் இருப்பான் என்று அடித்துக்கொண்டது. வந்தால் திட்டக் கூடாது என்று நினைத்தாள். வந்தால் நன்றாகத் திட்ட வேண்டும் என்றும் நினைத்தாள். எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. ஒரு குளிர்காலமே போனமாதிரி இருந்தது.

"அக்கா, அதப் பாருங்க," என்றான் ஸ்பாஸ்.

அந்த நாற்காலியும் காலிதான். ஆனால் அதில் மெத்தை இல்லை. மாவு தூவினாற்போல் கொஞ்சம் பனி, அதற்கடியில் பலகை தெரிந்தது. கலின் விசையை நிறுத்தினான். ரொம்ப நேரம் அதில் ஒருவன் உட்கார்ந்திருந்திருக்கிறான். சற்று முன்னால்தான் அதைவிட்டுப் போயிருக்கிறான்.

"குதிச்சிருப்பாரு," என்றான் ஸ்பாஸ். "புல்வெளியா இருந்தா ஒன்னும் ஆகாது. உக்காந்து பனித்சா தின்னுட்டிருப்பாரு."

"புல்வெளியா இருந்தா," என்றாள் நெவேனா.

கலின் வெளியே பார்த்தான். "லிஃப்ட் நின்னப்ப இது எங்க இருந்துதுன்னு எப்படித் தெரியும்?"

எப்படியோ அவளுக்குத் தலை தெளிந்தது. "பின்னாடி ஓட்டினாத் தெரியும். நிறுத்தறப்ப வாளி இந்த மேடையில இருந்துது. இப்ப அது சுத்திக்கிட்டு அந்தப் பக்கமா மேல போயிருக்கு. அது திரும்ப இங்க வந்து நிக்கறப்ப, இந்த நாற்காலியும் அவரு இறங்குன எடத்துக்கு மேலயே போய் நிக்கும். நீங்க ரெண்டு பேரும் இதுக்கு அடியிலயே போங்க."

"நீங்க?"

"நான் வந்துட்டா யாரு ஓட்டறது?"

ஸ்பாஸ் பனிவண்டியைக் கிளப்பினான். கலின் மண்வெட்டியோடு பின்னால் ஏறிக்கொண்டான். நெவேனா விசையைப் பின்னுக்குத் தள்ளினாள். காலி நாற்காலி தயங்கி, வந்த வழியே மேலே போனது. அதன் அடியில் வண்டியின் விளக்கு கல்லறைச் சுவரைத் தாண்டி, பீச் மரங்களுக்குள் நுழைந்து மங்கியது. "மெத்தோதி மாமா!" என்று ஸ்பாஸ் கூப்பிடுவது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு காற்று மட்டும்.

அவள் எதிர்ப்பக்க வடத்தின் மேல் கண்ணை வைத்தாள். வாளி அந்தப் பக்கமாகத்தான் வரவேண்டும். உடனே வந்தால் பீச் மரக்காடு. இன்னும் கொஞ்சம் கழித்து வந்தால் தொண்டை. அதற்கும் கழித்து வந்தால் புல்வெளி. இருபது வருஷமாக அந்த வாளி எப்போதடா வரும், வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருந்தவள், இப்போது இரண்டு கையாலும் விசையைப் பிடித்துக்கொண்டு, "வராத, இப்ப வராத, மெதுவா வா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். பீச் மரக்காட்டுக்கான நேரம் கடந்துவிட்டது, இப்போது வந்தால் தொண்டை. மூடுபனியில் ஒரு நிழல் திரண்டது. கொக்கியைப் பார்த்தாள். வெறும் கொக்கி. அடுத்தது வந்தது. அதுவும் வெறும் கொக்கி. அதற்குப் பின்னால் இன்னொன்று, இன்னும் உருவம் பிடிபடாமல், ஆடிக்கொண்டே இறங்கியது.